பத்து ஐம்பது

இரண்டாவது இட்லியைப் பாதியில் விட்டு, சாம்பார் விரலோடு கிருபாகரன் ஆபீஸ் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தான். இடது கை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, வேர்த்து ஊத்துது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஆட்டோ கூப்புடட்டா?" என்றாள் ஜெபா.

"வாய்வுதான்டி. பத்து அம்பதுக்கு அத்த நிறுத்தி ஓட வுட்டுட்டு வந்துட்றேன். அப்பால போலாம்."

'அது' என்னவென்று அவன் மனைவிக்குத் தெரியும். வெளிநாட்டு வங்கி ஒன்றின் மெயின்பிரேம் கணினியில் ஓடும் பழைய கோபோல் புரோகிராம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொஞ்சம் மெமரி கேட்டு வாங்கும். வேலை முடிந்தாலும் விடாது. தினமும் காலை பதினோரு மணிக்குள் இடமெல்லாம் அடைத்துச் செத்து விழும். அதற்கு முன் யாராவது நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். வாங்கியதை விடச்சொல்லும் ஒரே வரியை அவன் எழுதி, சோதித்தும் வைத்திருந்தான். அம்பத்தூர் ஆபீசில் மேனேஜர் இளங்கோ இரண்டு வருடமாக அதை ஏற்ற அனுமதிக்கவில்லை. "ஓடுறத ஏன் தொடணும்? அதான் நீங்க இருக்கீங்களே!"

பத்து ஐம்பத்து மூன்றுக்கு நாற்காலி சரிந்தது. புரோகிராம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, கரையான்சாவடி வீட்டுக் கூடத்து ஐஸ் பெட்டியில் கிருபாகரன் கிடந்தான். இளங்கோ ரோஜா மாலையைக் கண்ணாடிமேல் வைத்தார். புதினா மிட்டாய் மணக்கும் வாயை ஜெபாவின் காதருகே கொண்டுவந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஆபீஸ் லேப்டாப்..."

"மணி பத்தரைக்கு மேல ஆவுது. இன்னிக்கு யாரு சார் அத்த நிறுத்தறது?"

அவர் முகம் தெளிந்தது. "அந்தக் கவலையே வேணாம். சார் எழுதின வரிய நேத்து சாயங்காலமே ஏத்திட்டோம். நாலே நிமிஷம். சூப்பரா ஓடுது."

"இன்னா சார், எழவு ஊட்ல வந்து சூப்பருன்ற?" என்றான் கிருபாகரனின் தம்பி அமல்ராஜ்.

ஜெபா உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்தாள். சாவிகளில் சாம்பார் காய்ந்து அப்பியிருந்தது. துடைக்கவில்லை. இளங்கோ கைக்குட்டையால் பிடித்து வாங்கினார். அதன்மேல் ஜெபா ரோஜா மாலையையும் தூக்கி வைத்தாள்.

"இத்தயும் எடுத்துகினு போங்க."

கதவாணியில் தொங்கிய சட்டையின் பையில் கிருபாகரனின் போன் அலாரம் அடித்தது. மணி பத்து ஐம்பது.