பதினோராவது நிமிடத்தில் எழுந்த முகடு

கோச்சபம்பா நகரத்தின் லா கான்சா சந்தையில் மூலிகைக் கடை வைத்திருந்த ஃபெலிசா கொல்கே, எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சான்றிதழ் கேட்டு வந்தாள். அவளுடைய தோல் களிம்பை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு மருந்துக் கடைக்காரர் சம்மதித்திருந்தார். ஆனால் ஆய்வுத் தாள் வேண்டும் என்றாராம்.

"காலெந்துலாப் பூ, சீமைச்சாமந்தி, தேன்மெழுகு. வேற எதுவும் கெடயாது டாக்டரம்மா. ஒருத்தர்கிட்ட வாளியில வாங்கி டப்பாவுல அடைக்கிறேன், அவ்ளோதான்."

முதுகில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, எட்டு மாதக் குழந்தை யெர்கோவை என் மேசைமேல் உட்காரவைத்தாள்.

"இவன்தான் என் விளம்பரம். இடுப்புத் துணி கட்டுற எடமெல்லாம் வெந்து செவந்து கெடந்துச்சு. நாலு மாசமா தடவுறேன், ஒரு நாளைக்கு நாலு தடவ. இப்ப கன்னத்தப் பாருங்க!"

பூரண நிலா மாதிரி முகம். நான் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தேன். இருபது வருடமாக மருந்துகளை ஆராய்கிற நான், சுலேமா அரான்சிபியா, சிரித்தேன்.

களிம்பை எடை போட்டு, வெதுவெதுப்பான மெத்தனாலில் கலக்கி, பனிக்கட்டியில் வைத்தேன். மெழுகும் எண்ணெயும் உறைந்து ஒதுங்கின. தெளிந்ததை வடிகட்டி, கலவையைப் பிரித்துக் காட்டும் கருவியில் செலுத்தினேன். கரைந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உள்ள நேரத்தில் வெளியே வரும். அப்போது திரையில் ஒரு முகடு எழும். பூச்சாற்றுக்கு உரிய சின்னச் சின்ன முகடுகளை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். பதினோராவது நிமிடத்தில் ஊசிபோல ஒன்று திரையின் உச்சிவரை ஏறியது.

கண்ணாடிக் குப்பி அழுக்கு என்று நினைத்தேன். வெறும் மெத்தனாலை ஓட்டிப் பார்த்தேன். கோடு தட்டையாகப் போனது. புதிதாகக் களிம்பு எடுத்தேன், அதே முகடு. கடைசியில் குளிர்பெட்டியிலிருந்த சுத்தமான குளோபெட்டசாலை எடுத்துப் பக்கத்தில் ஓட்டினேன். அச்சு அசல் அதே நிமிடம், அதே நிறமாலை. தோலுக்குத் தருகிற ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையானது. பெரியவர்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் எழுதித் தரமாட்டார்கள். அந்த நிலா முகம் ஆரோக்கியமல்ல, இந்த மருந்து உப்பவைத்தது.

உடனே ஃபெலிசாவுக்குப் போன் செய்தேன். "அந்தக் களிம்பத் தூக்கிப் போடும்மா. கொழந்தைக்கு இனிமே ஒரு விரல்கூடத் தடவாத!"

அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை இறைச்சி அடைத்த சால்தேன்யா தின்றுகொண்டே, பக்கத்து மருத்துவத் துறை டாக்டர் லெடெஸ்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் வாயருகே கொண்டுபோனதைக் கீழே வைத்தார்.

"நாலு மாசமாவா? டக்குனு நிறுத்தச் சொன்னியா?"

"ஆமா சார்."

"அடிப்பாவி! அந்தப் புள்ள ஒடம்பு தானா ஸ்டீராய்டு சுரக்கிறத எப்பவோ நிறுத்தியிருக்கும். ஒரு காய்ச்சல், ஒரு வாந்தி வந்தாப் போதும், சுருண்டு விழுந்துரும். ஓடு!"

போனை ஃபெலிசா எடுக்கவில்லை. வெள்ளை அங்கியோடு டாக்ஸியில் ஏறினேன். சந்தையில் ஃபெலிசா குழந்தையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

"நேத்துலேர்ந்து வாந்தி டாக்டரம்மா. பாலே குடிக்கல. கூப்புட்டாக் கண்ணத் தொறக்க மாட்டேங்கிறான்."

நான் கிள்ளிய கன்னம் சில்லென்று வேர்த்திருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடி, நடந்ததையெல்லாம் மருத்துவர்களிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் உடம்பு சுரக்காத ஸ்டீராய்டுக்கு ஈடாக நரம்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றினார்கள், சர்க்கரை நீர் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து யெர்கோ பலவீனமாக அழுதான். ஃபெலிசா தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையாலதான தடவுனேன்."

"நிறுத்தச் சொன்னது நான்தான்மா. அத எப்படி நிறுத்தணும்னு யாரையும் கேக்காமச் சொன்னேன்."

 அவள் போனை எடுத்து, களிம்பு வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். "தூக்கிப் போட்டுறாதீங்க. டப்பாவோட மொதல்ல டாக்டர்கிட்டப் போங்க." வாளியில் களிம்பு விற்றவனின் எண் மட்டும் வேலை செய்யவில்லை.

அடுத்த வாரம், மருத்துவர்கள் சோதனைக்கு அனுப்பிவைத்த பதினேழு பேர் எங்கள் ஆய்வுக்கூட வாசலில் டப்பாக்களோடு நின்றார்கள். ஆறு பேர் இடுப்பில் குழந்தை. அந்த உருண்டைக் கன்னங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.