ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கவர் படங்கள்

அண்ணன் தப்ரேஸ் போய் எட்டு மாதமாகிறது. நெடுஞ்சாலையில் பைக்கோடு அவன் போனும் நொறுங்கியது. வீட்டு டிவியில் செருகியிருந்ததால் பாட்டு ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. அதில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பாட்டுகள். தங்கை ரூஹி எண்ணி நோட்டில் எழுதினாள். சரிதானா என்று சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினாள்.

பூந்தமல்லி வீட்டில் மாலையானால் அத்தா உஸ்மான் கனி ரிமோட்டோடு உட்காருவார். அந்த நேரத்தில் ரூஹி அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்பில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டிப் பார்த்ததோடு சரி. டிவியில் பாட்டுகளின் கவர் படங்கள் கட்டம் கட்டமாக நிற்கும். ஒன்றுகூடப் பாட்டோடு பொருந்தாது. காதல் பாட்டுக்குத் தண்ணீர் டேங்க். தாலாட்டுக்குப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஆக்னஸ் அந்தப் பட்டியலை லேப்டாப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி, உங்க அண்ணன் பாட்டு சேத்தாரா, குப்பை சேத்தாரா?"

அது ரூஹிக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்குச் செய்ய வேறெதுவும் மிச்சமில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் சரியான போஸ்டர், படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடகர், வருடம் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துப் பதிக்கும்படி நிரல் எழுதினாள். பத்துப் பாட்டுகளில் இரண்டு முறை சோதித்தாள். நகல் எடுத்து வைக்க லேப்டாப்பில் இடம் போதவில்லை. 'பாட்டைத் தொடப்போவதில்லை, படத்தைத்தானே' என்று நோட்டில் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை மதியம் ஹார்ட் டிஸ்கிலேயே நிரலை ஓட விட்டாள்.

மறுநாள் மாலை, அவர் முகம் மலர்வதைப் பார்க்க அத்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் ரிமோட்டை அழுத்தினார். வரிசை வரிசையாக நடிகர்களின் முகங்கள். கடைசிவரை போனார், திரும்ப மேலே வந்தார், மறுபடி இறங்கினார்.

"தண்ணி டேங்க் எங்கம்மா கீது?"

பெயரெல்லாம் கீழேயே போட்டிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அத்தாவுக்கு எழுத்து தெரியாது. திருமழிசை பட்டறையில் சம்பளம் வாங்கிய நாளெல்லாம் கைநாட்டுதான். பிறந்தது முதல் அவளுக்குத் தெரிந்த விஷயம். அந்தப் பத்துப் பாட்டுச் சோதனையில் அது வரவே இல்லை.

எந்தப் பாட்டை எங்கே கேட்டேன் என்று அவர் சொல்வாராம். மகன் அங்கே போய்ப் படமெடுத்து வந்து அந்தப் பாட்டுக்கு வைப்பானாம். நாலு வருடமாக நடந்த வேலை. அத்தா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், அவளுக்கும் தெரிந்திருக்கும் என்பதுபோல.

பழைய படங்களைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ரூஹி போனில் ஆக்னஸிடம் கேட்டாள். ஆக்னஸ் இந்த முறை சிரிக்கவில்லை. "பாட்டு ஃபைலுக்குள்ளயே மாத்தி எழுதிட்ட. திரும்ப வராதுடி."

அவள் நோட்டை எடுத்து வந்து கோடு போட்டாள். எண், பாட்டு, இடம்.

"சொல்லுங்க அத்தா. நான் போய் எடுத்துட்டு வரேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். தண்ணீர் டேங்க். அதை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே மெட்ரோ தூண் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. டிரான்ஸ்ஃபார்மர் மேல் படுத்திருந்த பூனை. அரிசிக் கடைத் தராசு. பதினாலு வரை வந்தது. பிறகு அவர் கண்ணைத் திறந்து டிவியைப் பார்த்தார்.

"டீ கிளாஸ்."

"எந்தக் கடை அத்தா?"

"கடை எதுவா இருந்தா இன்னா. கிளாஸ அவன் கையில புடிச்சிகினு எடுத்திருந்தான். விரல் தெரியும்."

பதினைந்து என்று எழுதினாள். பாட்டின் பெயரை எழுதினாள். இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"பதினாறு சொல்லுங்க அத்தா."

அவர் ரிமோட்டின் பட்டன்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். எதையும் அழுத்தவில்லை.