ஆடாத இறுதி ஆட்டம்

பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து என்றால் எங்கள் ஊர்ப் பேப்பரின் விளையாட்டு நிருபர் மைதானத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். எனக்குப் போன் போட்டுக் கேட்டு மூன்று வரி எழுதிவிடுவான். நான் லேத் பட்டறைக்காரன். அக்கா மகள் ஆடும் ஆட்டம் ஒன்று விடாமல் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறவன்.

இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டியதால் ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். சாயங்காலம் வழக்கம்போல் அவன் கூப்பிட்டான்.

"யாரு சார் ஜெயிச்சாங்க? சீக்கிரம் சொல்லுங்க, பசங்க மேட்ச் எழுதணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க தோத்துட்டோம். நாப்பதுக்கு முப்பத்தெட்டு" என்றேன். ஆடாத ஆட்டத்தைப் போட்டு மாட்டட்டும், அக்கா மகளின் பள்ளி ஹெட்மாஸ்டரே போய் அவன் சட்டையைப் பிடிக்கட்டும் என்று கணக்குப் போட்டேன்.

காலைப் பேப்பரில் அப்படியே வந்திருந்தது. கூடவே, 'திரளான ரசிகர்கள் கண்டுகளித்தனர்' என்று வேறு. ஹெட்மாஸ்டர் உட்பட ஒருத்தரும் போய் அவனைக் கேட்கவில்லை.

அன்று மாலை நிஜ ஆட்டம். கடைசி நொடியில் அக்கா மகள் போட்ட பந்தில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். நானே அவனைக் கூப்பிட்டேன்.

"அந்த ஃபைனலா? அதான் இன்னிக்கே போட்டாச்சே சார்" என்று வைத்துவிட்டான்.

வியர்வை காயாமல் வந்த அக்கா மகள் காலைப் பேப்பரை என் முன்னால் நீட்டினாள்.

"மாமா, நாங்க தோத்துட்டோம்னு இவங்களுக்கு யாரு சொன்னது?"