காதா, மீட்டரா

வசந்தனுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில், இயந்திர இரைச்சலுக்குள்ளேயே வருடக்கணக்காக வெந்தவன். காதடைப்பானைப் பயந்தாங்கொள்ளிகள் மாட்டட்டும் என்று தூக்கி எறிந்தவன். அதில் பெருமை வேறு.

அன்று மாலை, ரேடியோ கடை நிஷாந்த் அவன் வீட்டுக்கே வந்து, புது ஹெட்போனின் ஒலியை மீட்டரால் அளந்து சரிசெய்து தந்தான். வசந்தன் மாட்டிக் கேட்டான்.

"செத்த பொணம் மாதிரி இருக்குலா!" என்று, கீச்சொலியைக் கூட்டும் டிரெபிளைக் கடைசிவரை ஏற்றினான். "இப்பதான் பாட்டு."

நிஷாந்த் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தவன், சூடு பட்டாற்போலப் பிடுங்கினான். "ஊசி குத்துற மாதிரி இருக்கு. மீட்டர் சரிதான் அண்ணே. உங்கட காதுதான் போயிட்டுது."

"எவன் காதுடா போச்சு?"

முதல் குத்தில் நிஷாந்தின் உதடு கிழிந்தது. வசந்தன் ஸ்பேனரை எடுத்து மீட்டரை நொறுக்கினான். தடுக்க வந்த கையையும் விடவில்லை, விரல் முறிந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட நிஷாந்த் வெளியே ஓடினான்.

வசந்தன் மூச்சிரைக்க அடுப்பங்கரை நாற்காலியில் சாய்ந்தான். வீடு அடங்கிக் கிடந்தது.

சண்டைக்குப் பயந்து கொல்லையில் ஒதுங்கியிருந்த மனைவி தேவமலர், காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"கெட்டில் இவ்ளோ நேரமா விசிலடிச்சுக் கத்துதே, பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க?"

வசந்தன் திரும்பிப் பார்த்தான். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி பீறிட்டுக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.