பகல் பூட்டு

அந்தப் புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வடக்குத்து என்ற ஊரில் என் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒன்று, நான், சசிகுமார், குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவன். இரண்டு, சங்கீதா, ஒரு இணைய இதழுக்காக என்னைப் பேட்டி எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தவர். மூன்று, கஸ்தூரியம்மாள், வீட்டுக்காரம்மா. தனியாக இருக்கிற ஆண் வீட்டுக்கு ஒரு பெண் வந்தால் காபி கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைப்பவர். நான்கு, பொற்கொடி, பக்கத்துப் போர்ஷன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ். இவரை யாரும் அழைக்கவில்லை. சங்கீதா கதவு மாற்றித் தட்டி எழுப்பிவிட்டதால் சண்டை போட வந்தவர்.

"காலைலேருந்து நீங்க நாலாவது ஆளுங்க. கேஸ்காரன் வந்தான், கொரியர்காரன் வந்தான், மகளிர் குழுவுல கையெழுத்து வாங்க ஒருத்தி வந்தா. நான் பத்து மணி நேரம் நின்னுகினே இருந்துட்டு வந்திருக்கேன்."

"சாரிக்கா. ரெண்டு கதவும் ஒரே மாதிரி இருந்துச்சா..."

"போன தூக்கம் போனதுதான்" என்று பொற்கொடி வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கண்கள் சிவந்திருந்தன. கஸ்தூரியம்மாள் அவருக்கும் ஒரு காபி ஊற்றினார்.

சங்கீதா கேள்விகளை முன்பே அனுப்பியிருந்தார். மூன்று கேள்விகள்தான். இப்போது உங்களுக்கு உந்துதல் தருவது எது? உங்கள் அன்றாடப் பழக்கங்கள் என்ன? வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே எப்படிச் சமநிலையோடு இருக்கிறீர்கள்? முந்தின நாளே பதில்களை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அதிகாலை ஐந்து மணிக்கு எழுவேன். முந்திரித் தோப்பு வரை நடப்பேன். திரும்பி வந்து மதியம் வரை வரைவேன். மாலையில் வேலையைத் தொட மாட்டேன். செல்போனை அவர் மேஜைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டதும், பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். நடப்பதைத் தவிர மற்றதெல்லாம் பொய்.

"எங்கண்ணா வரையிறீங்க?" என்றார் பொற்கொடி வாசலிலிருந்து. "நான் டூட்டி முடிஞ்சி வர்றப்பவும் நடந்துகினு இருக்கீங்க. தண்ணி புடிக்க எழுந்தாலும் நடந்துகினு இருக்கீங்க. எம்பொண்ணு உங்கள என்னா நெனச்சிகினு இருக்கா தெரியுமா? மீட்டர் பாக்க வந்தவருன்னு."

சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நாற்பத்தோரு நாளாக நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. இருபத்து நான்கு பக்கப் புத்தகம், தூங்கும் மிருகங்களைப் பற்றியது. ஆறு பக்கம் முடித்திருந்தேன். மாத முடிவுக்குள் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பதிப்பாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் என் பழைய கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் துரைராஜுக்குப் போன் செய்திருந்தேன். "வாய்யா, ஆள் பத்தல. திங்கக்கிழமை நைட் ஷிப்ட்டுக்கு வந்துரு" என்றார். ஆறு வருடத்துக்கு முன் நான் விட்டுவிட்டு ஓடிய அதே வேலை. டார்ச்சை வைத்துக்கொண்டு கன்வேயர் பெல்ட்டை ஒட்டி விடியும்வரை நடப்பது.

பொய் சொல்லத் தெரியாத இடத்தில் பிடிபட்டுவிட்டால் உண்மையைச் சொல்வதுதான் சுலபம். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன்.

அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது நைட் ஷிப்ட் முடித்து நான் வந்து படுத்ததும் அம்மா கதவை வெளியே பூட்டிவிடுவாள். எங்கள் பிளாக்கில் பல வீடுகளில் அப்படித்தான். பூட்டுத் தொங்கினால் தெரிந்தவர்கள், உள்ளே நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறான் என்று போய்விடுவார்கள். தெரியாதவர்கள், வீட்டில் ஆளில்லை என்று போய்விடுவார்கள். இரண்டுமே தூங்குகிறவனுக்கு லாபம். வேலையை விட்டதை முதல் பதினோரு நாள் நான் வீட்டில் சொல்லவில்லை. இரவு முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஷிப்ட் பஸ்ஸோடு சேர்ந்து வீட்டுக்கு வருவேன். அம்மா வழக்கம்போலப் பூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவாள். தூக்கம் வராது. வெளியேயும் போக முடியாது. மாற்றுச் சாவி ஜன்னலிலேயே இருந்தது, கையை நீட்டினால் பூட்டு எட்டும், ஆனால் வெளியே வந்தால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் பழைய டைரியில் பால்பாயிண்ட் பேனாவால் வரைய ஆரம்பித்தேன்.

பன்னிரண்டாவது நாள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த டைரியைப் புரட்டிப் பார்த்தாள். மறுநாளும் ஒன்பது மணிக்குப் பூட்டினாள், ஒன்றரைக்குத் திறந்தாள். ஆறு வருடம் அப்படியே நடந்தது. அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் ஒன்பது புத்தகத்துக்குப் படம் போட்டேன். சித்திரையில் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டு அவர்கள் அம்பாசமுத்திரம் போய்விட்டார்கள். நான் இங்கே வந்தேன். இந்தக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டால் நானே திறந்துவிடக்கூடியது. திறந்துவிடுகிறேன்.

"உந்துதல்?" என்று சங்கீதா மெதுவாகக் கேட்டார். மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்.

"நைட் முடிஞ்சு வர்ற பஸ்ல தூங்குற மூஞ்சிங்க. இந்தப் புத்தகத்துல ஒரு கரடி வருது. அதோட வாய் எங்க சூப்பர்வைசரோட வாய்."

கஸ்தூரியம்மாள் தலையை ஆட்டினார். "முப்பத்தஞ்சி வயசு ஆம்பளய அம்மா வெளிய பூட்டுனாத்தான் வேல ஓடுமாம். இதப் போயி கம்ப்யூட்டர்ல போடப் போறீங்களாம்மா?"

பொற்கொடி சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பூட்டு தொங்குனா ஒருத்தனும் தட்டமாட்டானா?"

"மாட்டான்."

"கொரியர்காரன்?"

"திருப்பி எடுத்துட்டுப் போயிருவான்."

"அப்ப என்னை வெச்சிப் பூட்டுங்க."

கஸ்தூரியம்மாள் எழுந்துவிட்டார். "ஏய் கொடி, ஒனக்கு என்னா புத்தி கெட்டுப்போச்சா? ஒம்புருஷன் திருப்பூர்ல கீறான். நாளைக்கி தெருவுல என்னா பேசுவாங்க? எம் வூட்டுல பொம்பளய வெச்சி பக்கத்து வூட்டு ஆம்பள பூட்டிகினு சாவி வெச்சிருக்கான்னு..."

"பேசட்டும் ஆயா. பேசறவங்க யாராவது எனக்குப் பதிலா ராத்திரி ஊசி போடப் போவாங்களா? எம்புருஷன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ஒரு சாவி எங்கிட்ட உள்ள ஜன்னலாண்ட இருக்கும். ஒண்ணு நீங்க வெச்சிக்கோங்க, இன்னொண்ணு அண்ணன்கிட்ட இருக்கட்டும். அண்ணன் பூட்டட்டும், அண்ணனே தொறக்கட்டும். ரெண்டு மணிக்கு எம்பொண்ணு வருவா, அதுக்கு முன்னாடி." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா நடக்கப் போயிடக் கூடாது. ஏதாவது ஒண்ணுன்னா நான் சுவத்தத் தட்டுவேன். ஆள் இருக்கணும்."

எனக்குச் சம்மதமில்லை. என்னால் என்னையே ஓரிடத்தில் உட்காரவைக்க முடியவில்லை, இன்னொருவர் தூக்கத்துக்குக் காவலா? அதைச் சொல்லவும் செய்தேன். "வரையிறவங்கன்னா வூட்டுலயேதான இருப்பீங்க" என்றார் பொற்கொடி. கஸ்தூரியம்மாள் பொற்கொடியின் கணவருக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். திருப்பூரிலிருந்து அந்த மனிதர் மெஷின் சத்தத்துக்கு நடுவே, "அவ தூங்குனா போதும்மா" என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது. கஸ்தூரியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போய், முந்திரிக்கொட்டை மூட்டை வைக்கும் அறைக்குப் போடுகிற பெரிய பூட்டைக் கொண்டுவந்தார். சங்கீதா அதைப் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மறுநாள் ஒன்பது மணிக்கு முதல்முறை பூட்டினேன். என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் எழுந்தேன். செருப்பை மாட்டினேன். சட்டைப்பையில் சாவி கனத்தது. கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். இப்படி நான்கு முறை. பதினொன்றரைக்கு மேல் காலில் ஆட்டம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கொரியர்காரன் வந்தான், பூட்டைப் பார்த்தான், போய்விட்டான். கரடியின் கீழுதட்டை வரைந்தேன். அது சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். ஒன்றரை மணிக்குப் போய்த் திறந்தபோது பொற்கொடி கன்னத்தில் பாய்க்கோடுகளோடு வெளியே வந்து, வெயிலைப் பார்த்து, "என்னாத்துக்கு இவ்ளோ வெளிச்சமா கீது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை துரைராஜுக்குப் போன் செய்தேன். வரவில்லை என்றேன். "வேற எங்கனா பர்மனன்ட் கெடச்சிருச்சா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன ஏன்யா?" என்றார். பகலில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, புத்தகம் வந்தால் தன் பேரனுக்கு ஒன்று வேண்டும் என்றார். கரடியைப் பற்றி நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்குப் பொற்கொடி தெருமுனையில் வருவது தெரிந்தது. கையில் சாப்பாட்டுப் பை, நடையில் தள்ளாட்டம். பெண்ணைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து என் வாசலில் நின்றார்.

"எத்தினி பக்கம் ஆச்சி?"

"ரெண்டு."

"நாலு நாளா நான் ஒழுங்கா தூங்குறேன். நீங்க ரெண்டா?"

"உதடு வர மாட்டேங்குது."

"வரும், வரும். உங்க உதட்டுக்காக நான் சாயங்காலம் வரைக்கும் தூங்க முடியாது. ஒன்றரைன்னா ஒன்றரை." கொட்டாவி வந்தது. கையால் மறைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. கீழ்த்தாடை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, மேலுதடு மெலிந்து, கண் இரண்டும் கோடாகிப்போயின. நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாண்ணா அப்டி பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. உள்ள போங்க, சீக்கிரம்."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். கதவை இழுத்துச் சாத்தினேன். கொண்டியை மாட்டி, பூட்டைக் கோத்து அழுத்தினேன். உள்ளே ஃபேன் வேகமெடுக்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.