ஃபீமரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்

முட்டத்தில் அஜிஷா புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எழுந்து வெளியே போய்விடும். மேசைக்கால் வழியாக இறங்கி, வாசல் தாண்டி, காயப்போட்ட வலைமேல் கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் திரும்பிவரும். பழைய இடத்தில் மட்டும் உட்காராது. மற்றவர்கள் திறந்தால் ஒன்றும் அசையாது. பள்ளிக்கூடத்தில் அவளை மக்கு என்றார்கள். மீன் விற்கும் அம்மா செசிலி, கூடையோடு அங்கே போய், "எனக்க மக மக்கு இல்ல டீச்சர். எழுத்துக்குத்தான் இருப்புக்கொள்ளல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். நாகர்கோவில் டாக்டர் ஒருவர் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சொல்லி, அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் தேர்வு எழுதலாம் என்று சான்றிதழ் கொடுத்தார். எழுத்துகள் எங்கே போகின்றன என்று அவர் கேட்கவில்லை.

அப்படியே பிளஸ் டூ முடித்து பிசியோதெரபி சேர்ந்தவள், உடற்கூறியலில் திரும்பத் திரும்பத் தோற்றாள். இன்னொரு தடவை தோற்றால் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான். தோழிகள் வாசித்துப் போனில் பதிந்து கொடுத்தும் எலும்புகளின் பெயர்கள் தலையில் நிற்கவில்லை. ஒரு மாலை வீட்டில் ஜெபமாலை முடிந்து, மாதாவின் ஒவ்வொரு பெயருக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் வரும் மன்றாட்டு சொல்லும்போது, அத்தனை நீளமானதைத் தான் ஒரு எழுத்தும் பாராமல் சொல்வதை அஜிஷா கவனித்தாள். மறுநாளே அதே ராகத்தில், தொடை எலும்பை "ஃபீமரே" என்று இழுத்தாள். ஜெபத்துக்கு வந்திருந்த பெண்கள் பழக்கத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். செசிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத ஏட்டி, தொட எலும்பு இல்லாம கோயிலுக்கு எப்பிடிப் போவ?" என்றாள் பக்கத்து வீட்டு ராகேல். அதன்பிறகு தினமும் எலும்புகளின் மன்றாட்டும் நடந்தது. திரும்பிவந்த எழுத்துகள் வாசற்படியில் நின்று கேட்டன.

தேர்வில் அவளுக்காக எழுத வந்தவள் வணிகவியல் படிக்கும் வடசேரி நந்தனா. அஜிஷா கண்ணை மூடி மெல்லப் பாடினாள். ராகத்தை விட்டால் பெயர் வராது. ராகம் வந்தால் வேண்டுதலும் கூடவே வந்தது. வெளியே வந்த பிறகுதான் அஜிஷாவுக்கு அது உறைத்தது.

"ஏட்டி, வேண்டிக்கொள்ளும்ங்கதையும் எழுதுனியா?"

"நீ சொன்னத ஒண்ணு விடாம எழுதணும்னாவ. ஒங்க பாடம் அப்பிடித்தான்னு நெனச்சேன்."

விடைத்தாளில் வேண்டுதல் எழுதினால் தாளையே தள்ளிவிடுவார்கள் என்று கல்லூரியில் பேச்சு. முடிவு வந்தது; தேறியிருந்தாள். பிறகு விடைத்தாளின் நகலை வாங்கி நந்தனா வாசித்துக் காட்டினாள். திருத்தியவர் ஒவ்வொரு வேண்டுதலையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஒவ்வொரு எலும்புக்கும் மதிப்பெண் போட்டிருந்தார். முதுகெலும்புக்கான வேண்டுதலை மட்டும் அடிக்கவில்லை. அவருக்கும் முதுகுவலி இருந்திருக்கலாம்.

இப்போது அஜிஷாவுக்கு மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. போன வாரம் முட்டுவலியோடு மரியான் என்ற, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர் வந்தார். அவள் கோப்பைத் திறந்ததும் எழுத்துகள் வரிசையாக இறங்கி ஜன்னல் பக்கம் நடந்தன. அவர் குனிந்து பார்த்தார்.

"மோளே, இதுவ எங்க போவுது?"

"காத்து வாங்க, மாமா. சாயங்காலம் வந்துரும். நீங்க வலியச் சொல்லுங்க."

மரியான், எழுத்துகள் தடுக்கி விழாதபடி தன் செருப்பை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுக் காலை நீட்டினார்.