ஆயிரத்து இருநூறு வீடுகளுக்கு ஒரு வீட்டுக்காரர்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. ஒரு கதை பிறப்பதற்கு இதைவிட மட்டமான இடம் இருக்குமா என்று தெரியவில்லை.

கடலைப் பார்த்தபடி மேட்டில் உட்கார்ந்திருக்கும் பணக்காரச் சிற்றூர் ஒன்றின் சபை, தன் இணையப் பக்கத்துக்கு ‘எங்கள் ஊர்: மக்களும் வீடுகளும்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னது. முந்தைய கணக்கெடுப்பின் புள்ளிவிவரத்தையும் அனுப்பியது. வீடுகள் 1,240. நிரந்தரமாகக் குடியிருப்போர் 412. ஆளுக்கு மூன்று வீடு. ஒரே ஆள் மூன்று வீட்டில் எப்படித் தூங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. எழுத்தாளனுக்கும் வயிறு இருக்கிறது. “அமைதியை நேசிக்கும் 412 பேரின் இனிய இல்லம்” என்று முதல் வரியை எழுதியும் முடித்தேன்.

என் அண்ணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அண்ணி பள்ளி ஆசிரியை. புதிய கணக்கெடுப்புக்காக அந்த ஊரில் மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“இனிய இல்லமா? எழுத்தாளரே, அங்க போய்ப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“அதான் இவ்வளவு நல்லா எழுத வருது.”

அந்த இரண்டு பக்கத்தை நான் எழுதவில்லை. இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: “கடற்காற்று வெண்பட்டுத் திரைச்சீலைகளை வருட, அந்த மாளிகையின் மேல்மாடத்தில்” — வேண்டாம். சன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. காற்று வருட அங்கே எதுவும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: “அந்த ஊரில் வருடத்துக்கு நாற்பது நாட்கள்தான் மனிதர்கள் வாழ்ந்தார்கள்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பச்சைப் பொய். அந்த ஊரின் முதலாளிகள் நம்பும் அதே பொய்.

அண்ணி சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். சீசன் இல்லாத மழை மாதம். பேருந்து மேட்டடிவாரத்தோடு நின்றுவிடும். மேலே வரக் கூடாது என்று சபை தீர்மானம் போட்டிருக்கிறது. வெளியே தெரியும்படி துணி காயப் போடக் கூடாது என்பது இன்னொரு தீர்மானம். ஒரு கையில் குடை, ஒரு கையில் படிவப் பையோடு அண்ணி நடந்தே ஏறினார். கொட்டும் மழையில் புல்வெளிகளுக்கு நீர்த்தெளிப்பான்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. ஆளில்லாத நீச்சல் குளங்கள் இளஞ்சூட்டில் ஆவி விட்டன. பகலிலும் சில அறைகளில் விளக்கு எரிந்தது: திருடனை ஏமாற்ற, தானாக எரிந்து தானாக அணையும் ஏற்பாடு. முப்பத்தொரு வீட்டு மணியை அடித்தார். ஒரு கதவும் திறக்கவில்லை.

முப்பத்திரண்டாவது வீட்டில் பதினொரு படுக்கையறை. பின்பக்கமிருந்து யாரோ இருமும் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போனார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார். கதையில் அவர் பெயர் சாவிக்காரம்மா.

“வீட்டுக்காரர் இருக்காரா?” என்று அண்ணி கேட்டார்.

“எந்த வீட்டுக்காரரு? வீட்டோட வீட்டுக்காரரா, என்னோட வீட்டுக்காரரா?”

“யாராவது ஒருத்தர்.”

“வீட்டோட வீட்டுக்காரரு வந்து பத்து மாசமாச்சு. என் வீட்டுக்காரரு உள்ள இருமிக்கிட்டு இருக்காரு.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆனா நாங்க இங்க குடியில்லைங்க. எழுதிடாதீங்க.”

3

பம்ப்செட் அறையை ஒட்டிய ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு. சன்னல் விளிம்பில் ஒரே கோப்பையில் இரண்டு பல்துலக்கிகள். சுவரில், ஒன்பது வருட நாட்காட்டிகள் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின.

[நாட்காட்டி நான் சேர்த்தது. அண்ணி அடிக்கச் சொன்னார். “அவ்வளவு அழகா ஒண்ணும் இல்ல. ஒன்பது வருஷம்னு அவங்க வாயாலதான் சொன்னாங்க.” சரி, நாட்காட்டி இல்லை. பல்துலக்கி உண்மை.]

சாவிக்காரம்மாவின் பொறுப்பில் ஒன்பது வீடுகள். அவற்றில் எழுபத்து நான்கு கழிவறைகள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வளைவில் நிற்கும் நீர் வற்றி, சாக்கடை நாற்றம் வீடு முழுக்க ஏறிவிடும். யாருமே போகாத எழுபத்து நான்கு கழிவறைகளுக்கு மனிதர் இருப்பதுபோல் பாவனை காட்டுவதுதான் அவர் தொழில். அவரும் கணவரும் பயன்படுத்துவது தோட்டத்து மூலையில் உள்ள எழுபத்தைந்தாவதை. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது.

வேலையில் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: ‘நான் இங்கே பணி நிமித்தம் தங்குகிறேன், குடியிருக்கவில்லை.’ காவல்காரர், தோட்டக்காரர், சமையல்காரர் என்று அந்த மேட்டில் இருந்த எல்லோரும் அதே தாளில் கையெழுத்திட்டவர்கள். குடியிருப்பவர் என்று ஆகிவிட்டால் ஓட்டு வந்துவிடும். ஓட்டு வந்தால் சபையில் கை தூக்குவார்கள். துணி காயப் போடுவார்கள்.

4

இப்போது வில்லன் வரவேண்டும். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். நான் எழுதும்போது அவருக்குத் தொப்பை வந்துவிடுகிறது; அண்ணி சொல்வதைப் பார்த்தால் அவர் ஒல்லி.

வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர், அண்ணியைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, அழகாகத் தைத்த ஒரு கோப்பைக் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், வயது, கையெழுத்தோடு.

“உங்களுக்கு எதுக்கு டீச்சர் மழையில அலைச்சல்? நிரந்தரவாசிங்க எல்லாரும் இதுல இருக்காங்க. அப்படியே எடுத்து எழுதிடுங்க. போன தடவை வந்தவரும் அப்படித்தான் செஞ்சாரு.”

அந்தப் பட்டியலில் இரண்டு பேர் செத்துப்போனவர்கள். ‘நிரந்தரவாசி’ என்ற சொல்லுக்கு அவர்கள் இருவரும்தான் பொருத்தம்.

நானூறு என்ற எண்ணில்தான் விஷயம். நானூறு பேர் நிரந்தரமாகக் குடியிருந்தால்தான் அது தனி ஊர். அதற்குத் தனிச் சபை. குறைந்தால் கீழேயுள்ள சாதாரண ஊரோடு சேர்த்துவிடுவார்கள். கடல் தெரியும் வீட்டில் நாற்பது நாள் இருப்பவர்களுக்கு, அந்த நாற்பது நாளும் அடிவாரத்து மீன்கடைக்காரர் தங்களுக்குச் சட்டம் போடுவதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அண்ணி கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கே நான் எழுதிய வாக்கியம்: “அநீதியைக் கண்டு அவர் நெஞ்சம் கொதித்” — அண்ணி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“கொதிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர் பீங்கான் கோப்பையில டீ குடிச்சாரு. எனக்குக் காகிதக் கப்புல குடுத்தாரு. அதுலயே கடுப்பாயிடுச்சு. அப்புறம், ஒவ்வொரு படிவத்துலயும் என் கையெழுத்து. மாட்டினா நான்தானே கம்பி எண்ணணும்?”

என் கதாநாயகியின் இலட்சியம் இவ்வளவுதான். மாற்றிப் பார்த்தேன். காகிதக் கப்தான் நம்பும்படி இருக்கிறது.

5

மறுநாள் சாவிக்காரம்மா அண்ணியைத் தேடி வந்து தன் அறைக்குக் கூட்டிப் போனார், நன்றி சொல்ல அல்ல.

“பட்டியல் வேணாம்னு சொல்லிட்டீங்களாமே?”

“அது பொய்ப் பட்டியல்மா.”

“பொய்யா இருந்தா உங்களுக்கு என்ன? நானூறு இருக்கிறதாலதான் மேல ஒரு ஆஸ்பத்திரி வருஷம் பூரா திறந்திருக்கு. போன குளிருக்கு இவருக்கு மூச்சு நின்னுபோச்சு. ஓடிப் போயி அஞ்சு நிமிஷத்துல குழாய் வெச்சாங்க. பெரியாஸ்பத்திரி நாப்பது கிலோமீட்டர். நீங்க உண்மை எழுதுவீங்க, ஆஸ்பத்திரியை மூடுவாங்க. உங்க நேர்மைக்கு எம் புருஷனையா விலை குடுக்கணும்?”

 அண்ணிக்குக் கோபத்தில்தான் பதில் வந்தது.

“நானூறு பேரு இல்லையா இங்க? நீங்க இருக்கீங்க. அடுத்த வீட்டுத் தோட்டக்காரர் இருக்காரு. எத்தனை பேரு மொத்தம், சொல்லுங்க. வந்து பேரைக் குடுங்க. உங்க ஆஸ்பத்திரியை நீங்களே காப்பாத்திக்கலாம்.”

“கையெழுத்துப் போட்டிருக்கோமே.”

“அது அவங்க தாள். இது அரசாங்கத் தாள்.”

“ஏட்டுச் சுரைக்காய். சோறு போடுறது அவங்கதானே?”

கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஏம்மா, ஒன்பது வருஷமா இங்க மூச்சு விடுறோம். இல்லாத ஆளுக்கு எப்படி மூச்சு முட்டும்?”

அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னாராம். மனைவி சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று மாலை வரை வீடு வீடாக, பின்கதவுகளை மட்டும் தட்டினார்.

6

சாவிக்காரம்மா ஆஸ்பத்திரி என்று சொன்ன அந்தச் சுகாதார நிலையத்தின் வராந்தாவில் அண்ணி மேசை போட்டார். மூன்று நாட்கள். முதல் நாள் நாற்பத்தோரு பேர், பாதிப் பேர் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு. இரண்டாம் நாள் நூற்று ஐம்பதைத் தாண்டியது. சமையல்காரர்கள், குளம் சுத்தம் செய்பவர்கள், நாயைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வைத்திருந்த ஒரு தம்பதி. (நாய்க்குக் குளிரூட்டிய அறை. தம்பதிக்கு அதன் வெளித்திண்ணை.) ஆளில்லாத ஊரில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை செயலாளர் காரில் வந்து எதிரே நிறுத்தினார்.  கைப்பேசியை எடுத்து வரிசையைப் படம் பிடிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு முகமாக. முதலாளிகளுக்கு அனுப்பத்தான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வரிசையின் வால் நழுவத் தொடங்கியது. இருபது பேர், முப்பது பேர்.

சாவிக்காரம்மாவின் கணவர் வரிசையை விட்டு விலகினார். அவரும் ஓடுகிறார் என்றுதான் அண்ணி நினைத்தார். அவர் தெருவைக் கடந்து, மூச்சு வாங்க, காருக்கு முன்னால் போய் நின்றார். சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார்.

“சார், இப்ப எடுங்க. மூஞ்சி தெளிவா விழணும்.”

செயலாளர் கையை இறக்கினார்.

“எடுங்க சார். தேதியோட விழுமில்ல? நாளைக்கு நாங்க இங்க இல்லவே இல்லன்னு நீங்க சொன்னா, எங்ககிட்ட என்ன அத்தாட்சி இருக்கு? நீங்க எடுத்த படம்தான்.” பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினார். “எல்லாரும் வாங்க, சார் சும்மா எடுத்துத் தர்றாரு!”

ஒருவர் சிரித்தார். பிறகு பலர். முதலில் அந்த நாய்த் தம்பதி வந்து, கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல் நின்றார்கள். சாவிக்காரம்மா தலையைக் கோதிக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் வந்து, “மாடி வீடும் பின்னால தெரியட்டும்” என்றார். செயலாளர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரைக் கிளப்பினார். நழுவியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

7

இங்கே ஒரு நல்ல முடிவு சும்மா கிடக்கிறது: மூன்றாம் நாள் மாலை எண்ணிக்கை சரியாக நானூறு. எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

நடந்தது இது. மேட்டில் உண்மையிலேயே வாழும் முதலாளிகள் பத்தொன்பது பேர், பெரும்பாலும் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன வயதானவர்கள். வேலைக்காரர்களோடு சேர்த்து மொத்தம் 352. ஊர் தன் தனித்தகுதியை இழந்தது. கீழ் ஊரோடு சேர்த்தார்கள். பேருந்து மேலே வருகிறது. சுகாதார நிலையத்தை மூடவில்லை. வாரம் மூன்று நாளாகக் குறைத்தார்கள். மற்ற நான்கு நாட்களில் மூச்சு முட்டக் கூடாது.

பெயர் கொடுத்த பதினாறு பேருக்கு வேலை போனது. சாவிக்காரம்மாவும் அதில் ஒருவர். அடிவாரத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டார்கள். சீசனின் முதல் நாள் பெட்டிகளோடு வந்து இறங்கிய குடும்பங்கள், பளிங்குக் கூடத்தில் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தனவாம். ஒன்பது வீடுகளிலும் அதே நாற்றம். சாவிக்காரம்மாவுக்கு ஆள் மேல் ஆள் வந்தது. “நாங்க இங்க குடியிருக்கோம்னு முகவரி போட்டு எழுத்துல குடுங்க, வர்றேன்” என்றார். நான்கு வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். ஐந்து பேர் இன்னும் யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு.

எனக்கு வேலை கொடுத்த சபையே இல்லை. ஆகவே எனக்கும் வேலை இல்லை. புலம்பவில்லை. 412 பேரின் இனிய இல்லம் என்று எழுதிய கைக்கு அது வேண்டியதுதான்.

8

ஒன்று மட்டும் பாக்கி. மூன்றாம் நாள் மாலை அண்ணி மேசையை மடக்கும் நேரத்தில் செயலாளர் மறுபடி வந்தார். இந்த முறை நடந்து. மழையில் தோள் நனைந்திருந்தது. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முடிஞ்சிருச்சா டீச்சர்?”

“முடிக்கப் போறேன்.”

அவர் எழவில்லை. அப்போதுதான் அண்ணிக்கு ஒன்று உறைத்தது. இந்த ஆள் மழை மாதத்தில் இங்கே என்ன செய்கிறார்? விசாரித்ததில், சங்கக் கட்டடத்தின் பின்னால் இரண்டு அறை. மனைவி, மாமியார், இரண்டு பெண்கள். ஏழு வருடமாக. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டியலைத் தன் கையாலேயே எழுதிய மனிதர். அதில் அவர் பெயர் இல்லை. அவரும் அதே தாளில்தான் கையெழுத்திட்டிருந்தார்.

அவரோடு ஐந்து பேர். அந்த ஐந்தால் நானூறு வந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். வேலை மட்டும் போகும். அவருக்காக யாரும் பின்கதவைத் தட்டவும் இல்லை.

அண்ணி ஒரு புதிய படிவத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தார். “சொல்லுங்க சார். வீட்ல எத்தனை பேரு?”

அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். அந்த 352-க்குள் அவர்கள் ஐவரும் உண்டா என்பதும் தெரியும். இத்தனை பக்கம் அவரை ஏளனம் செய்த நான் இப்போது அவர் வாயில் ஒரு சொல்லை வைத்தால், அது என் சொல்லாகத்தான் இருக்கும். அவரை நல்லவராக்கிவிட்டு நானும் நல்ல பெயர் வாங்கிக்கொள்வேன். வேண்டாம். நீங்கள் எழுதுங்கள். ஆனால் எழுதும் முன், உங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் உங்களிடம் எந்தத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

செயலாளர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு,